முதல் தரம் திறக்காது

மலேசியாவின் சுங்கை சோவில், லோரிகள் திரும்ப முடியாமல் பின்னாலேயே போய்வரும் ஒரு சந்தின் கடைசியில், பிந்தாங் தாஜாம் கம்பெனி இருந்தது. அங்கே மடக்குக் கத்தி செய்தார்கள். சாதாரண மடக்குக் கத்தி ரவாங் சந்தையில் மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும். வாங்கியவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான், அதோடு விஷயம் முடிந்தது. பிந்தாங் தாஜாம் செய்த கத்தியின் பெயர் ‘எக்ஸிகியூட்டிவ்’. விலை நூற்றிருபது வெள்ளி. நீலப் பட்டு விரித்த மரப்பெட்டி, பெட்டிக்குள் பொன்னெழுத்துச் சான்றிதழ், சான்றிதழுக்கு உறை, உறையைத் துடைக்க ஒரு துணி, துணியை எப்படிப் பிடிப்பது என்று விளக்கும் ஒரு தாள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் கத்தி.

1985ஆம் ஆண்டு ஜூலையில் புஷ்பவள்ளி அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தாள். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்திலிருந்து விடியுமுன்பே கம்பெனி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு வரும். அவளுடைய அப்பா அழகேசனுக்கு டிசம்பரில் ஓய்வு. மார்ச் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்ட ஆபீஸ் எழுதிக் கொடுத்துவிட்டது. ரவாங்கில் மலிவு வீடுகள் கட்டி முடிந்திருந்தன. விண்ணப்பிக்கும் குடும்பத்தில் ஒருவருக்காவது நிரந்தர வேலை இருக்க வேண்டும். அதற்கு முதலாளியின் கடிதம், ஒட்டிய உறையில், ஜனவரி முப்பத்தொன்றாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். புஷ்பவள்ளியின் ஆறு மாதச் சோதனைக் காலம் ஜனவரியில் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். ஆகவே, அந்தக் குடும்பத்தின் கூரை அந்த ஒரு கடிதத்தில் இருந்தது.

சேர்ந்த அன்று பிரிவின் கதவில் நான்கு மொழிகளில் எழுதியிருந்த பலகையை அவள் நின்று படித்தாள். தமிழில் ‘தரக் கட்டுப்பாடு’ என்று இருந்தது. அவளுக்கு லேசான குழப்பம். தோட்டத்தில் அவள் மூன்று கட்டுப்பாடுகளைப் பார்த்திருந்தாள். மலேரியாக் கட்டுப்பாடு, எலிக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு. மூன்றிலும், முன்னால் இருக்கும் சொல் எதைக் குறிக்கிறதோ அதைக் குறைப்பதுதான் வேலை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்தக் கதவுக்குப் பின்னால் தரத்தைக் குறைக்க வேண்டும். படிப்பு ஐந்தாம் பாரத்தோடு நின்றுபோனதால்தான் தனக்கு இப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் நாள் அவளிடம் நாற்பது பெட்டிகள் வந்தன. அவள் ஒவ்வொரு கத்தியையும் எடுத்துத் திறந்து பார்த்தாள். பதினொன்று திறக்கவில்லை. நான்கு திறந்த பிறகு மூடவில்லை. மூன்றில் அலகு கழன்று கையோடு வந்துவிட்டது. ஒன்று, மூடி வைத்திருக்கும்போதே தானாகத் திறந்துகொண்டு அவளைப் பார்த்தது. அவள் எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்தாள்.

பிரிவு மேலாளர் தங்கராஜு வந்து பெட்டிகளைப் பார்த்தார். அவர் வெள்ளை முழுக்கைச் சட்டையும், பையில் நான்கு பேனாக்களும் வைத்திருப்பவர்.

“யாரு இதெல்லாம் தொறந்தது?”

“நான்தான் சார். கத்தி தொறக்குதான்னு பாத்தேன்.”

“எத்தன?”

“நாப்பதும் சார்.”

தங்கராஜு பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “நாப்பது எக்ஸிகியூட்டிவ். நாப்பதையும் பழசாக்கிட்டியே புள்ள.”

“பழசா சார்?”

“புதுக் கத்தின்னா என்னா? யாரும் தொறக்காத கத்தி. நீ தொறந்துட்டா அது யூஸ்டு கத்தி. யூஸ்டு கத்தியப் புதுசுன்னு விக்கலாமா? நாளைக்கு கஸ்டமர் கேட்டா நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?”

“அப்ப எப்படி சார் செக் பண்றது?”

“மடக்கி வெச்சுதான். பேர் என்னா? மடக்குக் கத்தி. தொறக்கிற கத்தின்னா போர்டு மாட்டியிருக்கோம்?”

அவர் சோதனைப் படிவத்தை அவள் கையில் கொடுத்தார். பதினான்கு கேள்விகள். பட்டுத் துணியின் மினுமினுப்பு இடமிருந்து வலமாக ஓடுகிறதா? சான்றிதழில் கைரேகை உண்டா? பெட்டியை மூடும்போது எழும் சத்தம் கண்ணியமாக இருக்கிறதா? பதின்மூன்றாவது கேள்வி, பெட்டிக்குள் கத்தி இருக்கிறதா என்பது. பதினான்காவது, சோதித்தவரின் கையெழுத்து. தேறிய பெட்டிக்கு, மலாயில் ‘தேறியது’ என்று பொருள்படும் ‘லுலுஸ்’ என்ற சிவப்பு முத்திரை. புஷ்பவள்ளிக்குப் பதினொன்றாம் எண் முத்திரை கிடைத்தது.

மதியச் சாப்பாட்டின்போது, ஏழு வருட அனுபவமுள்ள இராஜம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தொறந்து பாத்தியாமே! ஒனக்கு தைரியம் ஜாஸ்தி லா.”

“வெட்டுதான்னு கூடப் பாக்க மாட்டாங்களாக்கா?”

“வெட்டுறது வாங்கறவன் டிபார்ட்மெண்ட். நமக்கு எதுக்கு? நான் இங்க வந்து ஏழு வருஷம். வெங்காயம் நறுக்க வீட்டுல இன்னும் அந்த மூணு வெள்ளிக் கத்திதான்.”

தங்கராஜு இந்தப் பதவிக்கு வந்த விதத்தையும் இராஜம்மாதான் சொன்னாள். அவர் கலும்பாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினோரு வருடம் எலிக் கட்டுப்பாட்டுக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். நேர்முகத் தேர்வில், கட்டுப்பாட்டில் எத்தனை வருட அனுபவம் என்று கேட்டார்கள். பதினொன்று என்றார். மற்றவர்களுக்கு அதிகபட்சம் மூன்று வருடம்தான் இருந்தது. எதைக் கட்டுப்படுத்தினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அக்டோபரில் தங்கராஜு ஒரு கண்டுபிடிப்பைச் செய்தார். வந்த புகார்களை வகைவாரியாகப் பிரித்து, பெரிய தாளில் கலர் கலராகக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினார். பிடி கழன்றது, அலகு துருப்பிடித்தது, மொட்டையாக இருக்கிறது, தானாக மூடி விரலை வெட்டியது, இப்படி எல்லாப் புகார்களும் திறந்த கத்திகளைப் பற்றியே இருந்தன. திறக்காத கத்தியைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. நூற்றிருபது வெள்ளிக்கு வாங்கியதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பவன் அதைத் திறந்து பார்ப்பதில்லை; பார்த்தவனும் வெளியே சொல்வதில்லை.

காலை உடற்பயிற்சி முடிந்ததும் தங்கராஜு மேடை ஏறினார். அரசாங்கத்தின் சொல்படி கம்பெனி கிழக்கே ஜப்பானை நோக்க ஆரம்பித்ததிலிருந்து எல்லோரும் காலை ஏழரைக்குக் கையை மேலே தூக்கிக் குனிந்து நிமிர வேண்டியிருந்தது.

“தோழர்களே, நான் ஒண்ணு கேக்கிறேன்,” என்றார். “தொறக்காத கத்தி துருப்புடிக்குமா? புடிக்காது. மொட்டையாகுமா? ஆகாது. கைய வெட்டுமா? வெட்டாது. நாம இத்தன வருஷமா தேடுன குத்தமில்லாத கத்தி எங்க இருந்துச்சு? உற்பத்திப் பிரிவு ரிஜெக்ட் கூடையில! நாம அதக் கழிச்சுட்டு, கஸ்டமருக்கு மத்ததக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கோம். எலியப் பாருங்க. வளைக்குள்ள இருக்கற எலியால எவனுக்காவது நஷ்டம் உண்டா? வெளிய வந்தாத்தான் பிரச்சின. கத்தியும் அப்படித்தான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். இராஜம்மா இரண்டு தரம் தட்டினாள்.

மறுநாளிலிருந்து புதிய முறை வந்தது. கத்தியைக் காதருகே வைத்து ஆட்ட வேண்டும். உள்ளே ஏதாவது அசைந்தால் இரண்டாம் தரம். கல் மாதிரி இருந்தால் முதல் தரம், விலை நூற்றெண்பது வெள்ளி. எல்லாக் கத்திகளையும் முதல் தரத்துக்கு உயர்த்தும்படி உற்பத்திப் பிரிவுக்குக் கடிதம் போனது. தாங்கள் வெகுநாளாகவே அதைத்தான் செய்துவருவதாக அவர்கள் பணிவோடு பதில் எழுதினார்கள்.

புஷ்பவள்ளி ஆட்டினாள், கேட்டாள், முத்திரை குத்தினாள். டிசம்பருக்குள் அவளுக்குப் பெட்டியைத் தொட்டாலே தரம் தெரிந்தது. ஜனவரிக் கடிதம் மட்டும் வந்தால் போதும் என்றிருந்தது. வீட்டில் அம்மா சின்னத்தாய் ஏற்கெனவே பாத்திரங்களை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தாள். ரவாங்குக்குப் போவது ஒன்று, ரவாங் இல்லையென்றால் மாமா வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடியது ஒன்று. இரண்டாவது குவியல் மிகவும் சின்னது. மாமா வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர்.

டிசம்பர் மூன்றாவது வாரம் கோலசிலாங்கூரிலிருந்து சீனி முகம்மது வந்தார். அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அன்றைக்குப் புகார் மேசையில் உட்காரும் முறை புஷ்பவள்ளியுடையது. அவர் மரப்பெட்டியை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தம் கண்ணியமாக இல்லை.

“புள்ள, நான் வாங்குனது கத்தியா, பொட்டியா? அத மட்டும் சொல்லு, நான் போயிர்றேன்.”

“என்னா ஆச்சு பாய்?”

“என் மக நஜீபாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு நல்லதா ஒண்ணு குடுக்கணும்னு கேஎல் போயி நூத்தியெம்பது வெள்ளிக்கு இத வாங்குனேன். அறுவது பேரு முன்னால மாப்பிள்ள கேக் பொட்டி ரிப்பன இதால வெட்டப் போனாரு. தொறக்கல. நகம் பேந்துருச்சு. அப்புறம் பல்லால இழுத்தாரு. மாப்பிள்ள, மாலையோட, பல்லால! இப்ப சம்பந்தி வீட்டுல எனக்குப் பேரே தொறக்காத கத்தி மாமா.”

உள்ளிருந்து தங்கராஜு வந்தார். முழுவதையும் கேட்டார். புகார் படிவத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

“கத்தியோட நம்பர் சொல்லுங்க பாய்.”

“சர்ட்டிபிகேட்ல போட்டிருக்குதே. 4417.”

“அது சர்ட்டிபிகேட்டோட நம்பர். இது நம்ம கத்திதானான்னு எப்படித் தெரியும்? கத்தி நம்பர் அலகுல அடிச்சிருக்கும். தொறந்து பாத்துச் சொல்லுங்க.”

“தொறக்கலன்னுதானய்யா வந்திருக்கேன்!”

“அது புரியுது. மொதல்ல தொறந்து நம்பரக் குடுங்க. அப்புறம் தொறக்கலங்கிற கம்ப்ளெயிண்டப் பாப்போம்.”

“தொறந்துட்டா கம்ப்ளெயிண்டே இல்லியே!”

“அப்ப சந்தோஷம்தானே பாய்,” என்றார் தங்கராஜு.

சீனி முகம்மது மேசையைப் பிடித்துக்கொண்டு, அல்லாவைக் கூப்பிட்டு, தன் கடையில் ஒரு ரொட்டி கருகினால்கூட வேறு ரொட்டி போட்டுத் தருவதாகச் சொன்னார். ரொட்டிக்கு வரிசை எண் உண்டா என்று தங்கராஜு விசாரித்தார். இருவரும் பேசிக்கொண்டிருக்க, புஷ்பவள்ளி எதையும் யோசிக்காமல், மாட்டிக்கொண்ட குடையை நெம்புவதுபோல, தலையிலிருந்த கொண்டை ஊசியை எடுத்து அலகின் இடுக்கில் விட்டு ஒரு திருப்புத் திருப்பினாள். டக்கென்று கத்தி திறந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அலகு நன்றாகவே இருந்தது. அதில் 4417 என்று அடித்திருந்தது. சான்றிதழில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில், சோதித்தவர் முத்திரை எண் பதினொன்று என்று இருந்தது.

“பாத்திங்களா?” என்றார் தங்கராஜு. “தொறக்குது. கம்ப்ளெயிண்ட் செட்டில்.”

“சரி, இப்ப இத மூடிக் குடுங்க.”

கத்தி மூடவில்லை. ஊசியாலும் மூடவில்லை, மேசை விளிம்பில் வைத்து அழுத்தியும் மூடவில்லை. மூடாதது வேறு வகைப் புகார், அதற்குப் படிவம் இன்னும் அச்சாகவில்லை என்றார் தங்கராஜு. சீனி முகம்மது திறந்த கத்தியைத் தமிழ்ப் பேப்பரில் சுற்றிக்கொண்டார்.

“இந்தக் கம்பெனிய யாரு நடத்துறான்னு தெரியல. ஆனா இந்தக் கட்டடத்துல அறிவுள்ளது இந்தப் புள்ளையோட கொண்டை ஊசி மட்டும்தான்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் பாராட்டுத்தான் அவளைக் கெடுத்தது. இரண்டாம் நாள் அவளுக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, முதல் தரக் கத்தி ஒன்றைப் பொதுமக்கள் முன்னிலையில் திறந்தது. இரண்டு, திறக்கக்கூடிய கத்தியை முதல் தரம் என்று கவனக் குறைவாக முத்திரையிட்டது.

விசாரணை ஜனவரி பதினான்காம் தேதி, பொங்கல் அன்று நடந்தது. தங்கராஜுவும், ஆள்பலப் பிரிவு அதிகாரி மிஸ் திலகமும் விசாரித்தார்கள். மிஸ் திலகம் மேசையில் முகம் துடைக்கும் காகிதப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார். அழுகிறவர்களுக்கு.

“புஷ்பவள்ளி, நான் எப்பவும் வர்க்கர்ஸ் சைடுதான்,” என்றார் மிஸ் திலகம். “என்கிட்ட யாரும் பயப்படவே தேவையில்ல. போன வருஷம் முப்பத்தாறு பேர நிறுத்துனோம். ஒருத்தர்கூட என்மேல கோவப்பட்டதில்ல. அழுதாங்க, அவ்ளோதான். சொல்லு, ஏன் தொறந்த?”

“அவரு தொறக்கலன்னு சொன்னாரு மிஸ். அதான் தொறந்தேன்.”

“யாராவது ஒண்ண இல்லன்னு சொன்னா, உடனே அத உண்டாக்கிருவியா?”

புஷ்பவள்ளி கொண்டை ஊசியை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

தங்கராஜு எழுந்து நின்றார். “இவ நல்ல புள்ளதான் மிஸ். ஆனா கட்டுப்பாடுன்னா என்னான்னு இன்னும் வெளங்கல. நான் பதினோரு வருஷம் எலி பாத்தேன். தோட்டத்துல எலி கொறஞ்சுச்சான்னு ஒரு நாள் ஒரு தொர கேட்டதில்ல. மருந்து வெச்சியா? வெச்சேன். ரிப்போர்ட் எழுதுனியா? எழுதுனேன். அதான் கட்டுப்பாடு. கூலியாளுங்கள மேய்க்கிற மண்டோர் ஒருத்தன் இருந்தான், இவள மாதிரி. வளைய வெட்டிப் பாத்துட்டான். உள்ள மருந்தத் தின்னு கொழுகொழுன்னு எட்டு எலி. இவன் அத எல்லாருகிட்டயும் போயி சொன்னான். அதோட என் பதவி உயர்வு போச்சு. பாக்காம இருந்திருந்தா எட்டு எலிக்கும் நல்லது, எனக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது.”

“எனக்கு வேல நிரந்தரம் ஆகணும் சார்,” என்றாள் புஷ்பவள்ளி. “மார்ச்சுல வீட்ட விட்டுப் போகணும். ரவாங்ல வீடு கெடைக்க லெட்டர் வேணும். இனிமே எதையும் தொறக்க மாட்டேன்.”

மிஸ் திலகம் காகிதப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

விசாரணைக் குழு இரண்டு முடிவுக்கு வந்தது. நிறுத்த வேண்டும் என்றார் தங்கராஜு. நிறுத்தினால் எட்டுப் படிவம், நிரந்தரமாக்கினால் இரண்டே படிவம் என்று மிஸ் திலகம் எடுத்துச் சொன்னார். கம்பெனி முதலாளியான பெரியவர் வெளிநாடு போவதாக இருந்ததால், இரண்டு கடிதத்தையும் அடித்து முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்வது, பிறகு அவர் போனில் சொல்கிற ஒன்றைக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. டைப்பிஸ்ட் சல்மா இரண்டையும் அடித்தாள். ஒன்றில் ‘நிரந்தரமாக்குவதில் மகிழ்கிறோம்’ என்றும், மற்றதில் ‘நிறுத்துவதில் வருந்துகிறோம்’ என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே மாதிரி நீல உறைகளில் போட்டு ஒட்டினாள். ஒட்டியவற்றைத் தரக் கட்டுப்பாட்டுக்கு அனுப்பினாள். கம்பெனியை விட்டு வெளியே போகும் எதுவானாலும் முத்திரை இருக்க வேண்டும் என்பது விதி.

தங்கராஜு இரண்டு உறைகளையும் சோதித்தார். மூலைகள் நேராக இருந்தன. பசை வழியவில்லை. காதருகே வைத்து ஆட்டினார்; உள்ளே எதுவும் அசையவில்லை. இரண்டுக்கும் லுலுஸ் குத்தினார். குத்தி முடித்த பிறகுதான் பெரியவரின் போன் வந்தது.

ஜனவரி முப்பதாம் தேதி தங்கராஜு புஷ்பவள்ளியைக் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார்.

“முடிவு உள்ள இருக்கு.”

“என்னா முடிவு சார்?”

“அத நான் எப்படிச் சொல்ல முடியும்? ஒட்டியாச்சே.”

“இன்னொரு கவர் சார்?”

“அது ஒன்னோட ஃபைலுக்குப் போயிருச்சு. ரெண்டுமே முதல் தரம். கவலப்படாத.”

கழிப்பறை வாசலில் சல்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“புஷ்பா, பெரியவரு கன்ஃபர்ம்னு சொன்னாரா டிஸ்மிஸ்னு சொன்னாரான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் பிரயோஜனம் இல்ல. ரெண்டு கவரும் ஒரே மாதிரி, தங்கராஜு சார் கைக்குப் போயி கலந்துருச்சு. நீ தொறந்து பாரு லா.”

“தொறந்தா வீட்டு ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. ஒட்டுன கவர்தான் வேணும்.”

“தொறக்கலன்னா நாளைக்கு நீ வேலைக்கு வரலாமா கூடாதான்னு தெரியாதே?”

“எனக்கு மட்டும்தானா தெரியாது?” என்றாள் புஷ்பவள்ளி.

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது புரிந்தது. தங்கராஜுவுக்குத் தெரியாது. மிஸ் திலகத்துக்குத் தெரியாது. ஃபைலில் இருக்கும் உறையை யாரும் திறக்கப் போவதில்லை. திறந்தால் அது பழைய கடிதம். மறுநாள் காலை அவள் பஸ் ஏறினாள், குனிந்து நிமிர்ந்தாள், பதினொன்றாம் எண் முத்திரையை எடுத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மதியம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரவாங்குக்குப் போனாள்.

வீட்டு ஆபீஸில் தேவதாஸ் என்ற கிராணி இருந்தார். விண்ணப்பத்தைப் புரட்டினார். அப்பாவின் அடையாளக் கார்டு எண், தோட்டத்துக் கடிதம், பிள்ளைகள் ஐந்து, எல்லாம் சரியாக இருந்தன. உறையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

“ஒட்டித்தான் இருக்கு. நல்லது. உள்ள பாத்துட்டுப் பேர ஏத்திர்றேன்.”

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். நீலப் பட்டு, சான்றிதழ், துணி, துணிக்கான தாள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“புது வருஷத்துக்கு உங்க கம்பெனி எங்க ஆபீஸுக்குக் குடுத்தது. நான் இன்னும் தொட்டதில்ல. கையால கிழிக்கப் பயமா இருக்கும்மா. போன மாசம் ஒருத்தரோட கவரப் பிரிக்கும்போது உள்ள இருந்த லெட்டரையும் சேத்துக் கிழிச்சு, எனக்கு மெமோ வந்துருச்சு.”

அவர் கட்டைவிரல் நகத்தால் இழுத்தார். மற்ற கையால் இழுத்தார். ஸ்கேலை விட்டு நெம்பினார், ஸ்கேல் வளைந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒருமுறை பல்லால் இழுத்தார். பின்னால் வரிசையில் பதினேழு பேர் நின்றார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

தேவதாஸ் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஏம்மா, நீ அங்கதானே வேல செய்ற? இத எப்படித் தொறக்கிறதுன்னு தெரியுமா?”

புஷ்பவள்ளி கத்தியைப் பார்த்தாள். இடுக்கு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அங்கிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

“தொறக்கத் தெரியாதுங்க,” என்றாள். “நாங்க செக் பண்றதோட சரி.”

தேவதாஸ் உறையில் இருந்த சிவப்பு முத்திரையை மறுபடி பார்த்தார். லுலுஸ் என்று வட்டமாக, அழுத்தமாக விழுந்திருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு உறையை அப்படியே ஃபைலில் சொருகி, பதிவுப் புத்தகத்தில் அழகேசன் குடும்பம், லுலுஸ் என்று எழுதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.